மைட்டர் சாவா, ரேடியல் ஆர்ம் சாவா? களியக்காவிளைப் பக்கம் பட்டறை போடும் தம்பிக்கு

சவூதியில் ஆறு வருடம் ஜாய்னரியில், அதாவது கதவு, ஜன்னல் செய்யும் மரப்பட்டறையில், வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பப்போகிற ஒரு தம்பியின் கேள்வி இது. தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையிலிருந்து பளுகல் போகிற வழியில் சொந்த நிலத்தில் 12க்கு 24 அடியில் ஷெட் போட்டுவிட்டார். நிலை, ஜன்னல், அலமாரி, ஓரத்தில் அடிக்கும் பீடிங், இடையிடையே ஓட்டுக்கூரை வேலை என்று இரண்டு மாநிலத்து ஆட்களிடமும் வேலை எடுக்கிற எண்ணம். அவர் வேலை பார்க்கும் இடத்தில் 10 இஞ்சு பிளேடு மாட்டுகிற பழைய ரேடியல் ஆர்ம் சா என்ற மின்வாள் ஒன்றைக் கழித்துக் கட்டுகிறார்களாம். கிட்டத்தட்ட இரும்பு விலைதான். கப்பலில் போட்டு அதை ஊருக்குக் கொண்டுவரலாமா, இல்லை இங்கேயே புதிதாக ஒரு மைட்டர் சா வாங்கலாமா என்று கேட்கிறார்.

தம்பி, ரேடியலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே வந்து 10 இஞ்சு ஸ்லைடிங் மைட்டர் சா வாங்குங்கள். ஸ்லைடிங் இல்லாததை வாங்க வேண்டாம், அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன். ரேடியல் மட்டமான இயந்திரம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தம்மாமில் ஒரு ஜாய்னரியில் ஒன்பது வருடம் நான் நின்றது ரேடியலுக்கு முன்னால்தான். அது செய்கிற சில வேலையை வேறு எதுவும் அவ்வளவு அழகாகச் செய்யாது. ஆனாலும் உங்கள் ஷெட்டுக்கும், உங்கள் ஊர் கரண்டுக்கும், நீங்கள் எடுக்கப்போகிற வேலைக்கும் அது பொருந்தாது.

கூட இருக்கிற உதவியாளுக்கும் புரியட்டும் என்பதற்காக, இரண்டும் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேடியலில் ஒரு தூண், அதன் தலையில் மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை, அந்தக் கையில் தொங்கியபடி ஓடும் மோட்டாரும் பிளேடும். மரம் மேசையில் அசையாமல் கிடக்கும், நாம் பிளேடை நம் பக்கம் இழுப்போம். கையைத் திருப்பினால் சாய்ந்த வெட்டு, மோட்டாரைச் சாய்த்தால் சரிவு வெட்டு, மோட்டாரையே 90 டிகிரி திருப்பிவிட்டால் நீளவாக்கில் அறுப்பு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து பிரிட்ஜ்டன் ஊரில், ஒரு மர மில்லைக் கவனித்துக்கொண்டிருந்த ரேமண்ட் டிவால்ட் 1922இல் உருவாக்கியது இது. இன்று மஞ்சள் நிறத்தில் கடைகளில் தொங்குகிற டிவால்ட் என்ற பெயருக்கு வேர் அந்த இயந்திரம்தான். மைட்டர் சா பின்னால் வந்தது. அமெரிக்காவின் ராக்வெல் கம்பெனி 1964இல் மோட்டார் வைத்த முதல் மைட்டர் சாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் அப்பா காலத்து ஆசாரிமார் பீடிங் வெட்ட ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார்களே, இருபக்கப் பலகையிலும் 45க்கு வாள் தடம் போட்டிருக்கும், அதற்கு மோட்டார் வைத்ததுதான் இது. மேலிருந்து கீழே வந்து வெட்டும். ஸ்லைடிங் என்றால் முன்னும் பின்னும் ஓடவும் செய்யும்.

முதல் சிக்கல் கரண்ட். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. மைட்டர் சாவில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், வோல்டேஜ் பொருந்தினால் போதும், ஹெர்ட்ஸ் அதற்கு ஒரு பொருட்டில்லை. ரேடியலில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். அதன் வேகத்தை நிர்ணயிப்பதே ஹெர்ட்ஸ்தான். அங்கே நிமிடத்துக்கு 3450 சுற்று ஓடுவது இங்கே சுமார் 2875 சுற்றாக இறங்கிவிடும். பிளேடு விளிம்பின் வேகம் நொடிக்கு 46 மீட்டர் இருந்த இடத்தில் 38 மீட்டர். அதோடு, 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய காயிலில் அதே வோல்டேஜை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் அது இழுக்கும் கரண்ட் கூடும், மோட்டார் சூடாகும். காலையில் நாலு வெட்டுக்கு ஒன்றும் தெரியாது. மதியம் வரை அயினி மரச் சட்டம் அறுத்துவிட்டு மோட்டார் மேல் கை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாது. பழைய அமெரிக்க மெஷினாக இருந்து 120 வோல்ட்டுக்குச் சுற்றியதென்றால், அதற்குத் தனியாகப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும்.

அப்புறம் பிளேடு. அமெரிக்க ரேடியலில் பிளேடு மாட்டும் தண்டு 5/8 இஞ்சு, அதாவது 16 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ கடையில் கிடைக்கும் 10 இஞ்சு பிளேடுக்குத் துளை பெரும்பாலும் 25.4 அல்லது 30 மில்லிமீட்டர். வளையம் போட்டு மாட்டலாம். ஆனால் அந்த வளையம் கச்சிதமாக உட்காராவிட்டால் பிளேடு மையம் தப்பி ஓடும், வெட்டிய முகத்தில் வரி வரியாகத் தெரியும்.

இனி எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். இடவப்பாதி மழையில் ரப்பர் மரம் ஒரு கிளையை லைனில் போட்டால் போதும். மைட்டர் சாவின் சுவிட்ச் கைப்பிடியில் விரலால் அமுக்கிப் பிடிக்கிற வகை, விரலை எடுத்தால் நின்றுவிடும். கரண்ட் போய் மறுபடி வந்தாலும் தானாக ஓடாது. பழைய ரேடியலில் சுவிட்ச் பெரும்பாலும் போட்டால் போட்டபடியே நிற்கும். கரண்ட் போனதும் நாம் சுவிட்சை மறந்து டீ குடிக்கப் போகிறோம். உதவியாள் மேசையைத் துடைக்கிறான். கரண்ட் வருகிறது. கரண்ட் போனால் தானே அணைந்து, நாம் மறுபடி போடும் வரை அணைந்தே நிற்கிற ஸ்டார்ட்டர் ஒன்று இல்லாத ரேடியலை நம் ஊர்ப் பட்டறையில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. யாராவது ஏற்கெனவே வைத்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ரேடியல் எதனால் ஆபத்து என்பதை அதில் நின்றவனாகச் சொல்கிறேன். பிளேடின் அடிப்பக்கப் பல் நம்மைவிட்டு விலகி, பின்னால் மரத்தை ஒட்டி நிறுத்துகிற வேலிக்கட்டையை நோக்கி ஓடுகிறது. நாமோ பிளேடை நம் பக்கம் இழுக்கிறோம். தரையில் சுற்றுகிற சக்கரம் எப்படி உருண்டு முன்னால் வருமோ, அதுபோல பிளேடு மரத்தின் மேல் ஏறி நம்மை நோக்கி ஓடி வரப் பார்க்கும். அதனால் ரேடியலில் உண்மையான வேலை இழுப்பது இல்லை, பிடித்து நிறுத்துவதுதான். வலது கை முழங்கையை மடக்காமல் விறைப்பாக வைத்து, வருகிற பிளேடை அளந்து அளந்து விட வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் அது. மூன்று இஞ்சு கனமுள்ள ஒரு கட்டை, நல்ல கெட்டி மரம், நடுவில் ஒரு முடிச்சு. மேசைக்கு அடியிலிருந்து பிளேடு நீட்டுகிற டேபிள் சாவில் நீளவாக்கில் அறுக்கிற பிளேடை யாரோ ரேடியலில் மாட்டி வைத்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. அந்த பிளேடின் பல் முன்னால் நன்றாகச் சாய்ந்திருக்கும், 20 டிகிரி வரை. முடிச்சைத் தொட்ட நொடியில் மோட்டார் முழுவதும் ஒரே தாவலாக மரத்தின் மேல் ஏறி என் பக்கம் வந்தது. பாதி வழியில் பிளேடு மரத்துக்குள் சிக்கி, மோட்டார் உறுமி நின்றது. கை தப்பியது. முழங்கையில் விழுந்த இழுப்பு மூன்று வாரம் வலித்தது. எங்கள் ஃபோர்மேன் ஒரு மலையாளி சேட்டன். வந்து பிளேடைக் கழற்றினார், பல்லின் சாய்வை விரலால் தொட்டுக் காட்டினார், ஒன்றும் பேசாமல் வேறு பிளேடு மாட்டிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிறகு பிளேடின் பல்லைப் பார்க்காமல் நான் எந்த மெஷினையும் ஓட்டியதில்லை.

இந்த பயம் எனக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் கிராஃப்ட்ஸ்மேன் பெயரில் 1958 முதல் 1992 வரை விற்ற ரேடியல் ஆர்ம் சாக்களை, பிளேடின் கீழ்ப்பகுதியை மூடும் காப்பு இல்லை என்பதற்காக 2000ஆம் ஆண்டில் திரும்ப அழைத்தார்கள். எண்ணிக்கை 37 லட்சம் வரை. மாட்டிக்கொள்ளப் புதிய காப்பு கொடுப்பதுதான் திட்டமாக இருந்தது. உங்கள் கம்பெனி கழிப்பது எந்தப் பெயருடையதானாலும், கீழ்க்காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இருந்திருந்தாலும் வேகத்துக்குத் தடை என்று யாராவது எப்போதோ கழற்றிப் போட்டிருப்பார்கள்.

இங்கேதான் உங்களைக் குறிப்பாக எச்சரிக்க வேண்டும். ஆறு வருடம் ரேடியலில் நின்ற கை இழுத்து வெட்டியே பழகியிருக்கும். ஸ்லைடிங் மைட்டர் சாவில் முறை நேர் எதிர். பிளேடு மரத்தைத் தொடாமல் தலையை முதலில் உங்கள் பக்கம் முழுக்க இழுக்க வேண்டும். பிறகு சுவிட்சைப் போட்டு, வேகம் வந்ததும் கீழே இறக்கி, உங்களைவிட்டு அப்பால் தள்ளி வெட்ட வேண்டும். வெட்டு முடிந்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகு தலையைத் தூக்க வேண்டும். பழக்க தோஷத்தில் இறக்கிவிட்டு இழுத்தீர்களென்றால், ரேடியலில் கண்ட அதே தாவல் இங்கேயும் வரும். தலையின் எடை குறைவு என்பதால் இன்னும் வேகமாக வரும். ஊருக்கு வந்த முதல் வாரம் நான் பிளக் போடாமலே இதைப் பழகினேன்: இழு, இறக்கு, தள்ளு, நிறுத்து, தூக்கு. ஒரு நாளைக்கு நூறு தடவை. வீட்டில் என்ன நினைத்தார்களோ, கை பழகிவிட்டது.

ஸ்லைடிங் இல்லாததை வேண்டாம் என்றேனே, அதன் கணக்கு இது. நம் பக்கம் தலைவாசல் நிலைக்கு அஞ்சுக்கு மூணு சட்டம், உள்வாசலுக்கு நாலுக்கு மூணு. சாதாரண 10 இஞ்சு மைட்டர் சாவில் பிளேடு மேலிருந்து வட்டமாக இறங்குகிறது. அதனால் மரம் உயரமானால் வெட்டும் அகலம் குறைந்துகொண்டே போகும். இரண்டே முக்கால் இஞ்சு உயரத்துக்கு ஐந்து, ஐந்தரை இஞ்சு அகலம் வெட்டுகிற பல மெஷின்கள், மூன்றரை இஞ்சு உயரத்துக்கு நாலு இஞ்சைக்கூடத் தாண்டாது. அஞ்சுக்கு மூணு சட்டத்தை ஒரே வெட்டில் முடிக்க முடியாமல் திருப்பிப் போட்டு வெட்டுவீர்கள், இரண்டு வெட்டும் சேரும் இடத்தில் ஒரு படி விழும். அதே 10 இஞ்சு பிளேடில் ஸ்லைடிங் என்றால் மூன்றரை இஞ்சு உயரத்துக்கு 12 இஞ்சு அகலம் வரை சாதாரணமாகக் கிடைக்கும். நிலையும் ஆயிற்று, அலமாரித் தட்டும் ஆயிற்று. ரேடியலிலும் உயரம் மூன்று இஞ்சுதான். அகலம் மட்டும் 15 இஞ்சு வரை வரும்.

ஆனால் ஸ்லைடிங் மெஷினில் தலை பின்னால் ஓட இடம் வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. வாங்குவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து, வேலிக்கட்டையிலிருந்து தலை ஓடுகிற தண்டவாளத்தின் கடைசி நுனி வரை அளந்து பாருங்கள். 12 அடி அகல ஷெட்டில் அது ஒரு பெரிய விஷயம். முன்பக்கமே ஓடி முடிகிற மாதிரி செய்த மெஷின்களும் உண்டு, விலை கூட.

துல்லியம் பற்றி இரண்டு கட்சியும் சண்டை போடும். நான் பார்த்த வரையில், புதிதாகச் செட் பண்ணிய நல்ல ரேடியல் எந்த மைட்டர் சாவுக்கும் குறைந்ததல்ல. ஆனால் அதைச் செட் பண்ண நாலு விஷயம் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டும். மேசை கைக்குச் சமதளமாக, கை வேலிக்கு 90ஆக, பிளேடு மேசைக்குச் செங்குத்தாக, பிளேடு தான் ஓடும் பாதைக்கு நேராக. கையைத் திருப்பி 45 வெட்டிவிட்டு மறுபடி 90க்கு வரும்போது இதில் ஏதாவது ஒன்று நூலிழை தப்பும். தம்மாமில் எங்கள் ரேடியலை யாரும் 90இலிருந்து திருப்பவே விடமாட்டோம். 45க்கு வேறு மெஷின். கப்பலில் குலுங்கி, களியக்காவிளை ரோட்டில் டெம்போவில் குலுங்கி வரும் 80, 90 கிலோ மெஷினை முதலிலிருந்து செட் பண்ண உங்களுக்கு ஒரு வாரம் போகும். மைட்டர் சாவில் 0, 22.5, 45 எல்லாம் அச்சு வெட்டிய பள்ளத்தில் டக்கென்று உட்கார்ந்துவிடும்.

45 எவ்வளவு சரியாக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு சதுர ஃபிரேமுக்கு நாலு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி ஒரே பக்கமாகத் தப்பினால் மொத்தம் 4 டிகிரி. மூன்று மூலையை இறுக்கி ஒட்டிவிட்டு நாலாவது மூலைக்கு வரும்போது, இரண்டு இஞ்சு அகலப் பீடிங்கில் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் வாய் திறந்து நிற்கும். ஒரு நூலோடு நிற்காது, ஒன்றரை நூலுக்கும் மேல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). அதில் மரத்தூளும் பசையும் அடைத்து பாலிஷ் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்காலம் தாங்கும்.

மூலை திறந்துகொண்டால் உடனே மெஷினைத் திட்டவும் கூடாது. நம் பக்கம் வருடத்துக்கு இரண்டு மழை. ஆனி ஆடியில் வெட்டிய ஈரப் பலாவும் அயினியும் பங்குனி வெயிலில் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. அதனால் 45 வெட்டின் கோணமே மாறி, மூலையின் உள்பக்கம் திறக்கும். நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்து மழையில் ஊதினால் வெளிப்பக்கம் திறக்கும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தாலே தப்பு மரத்திலா மெஷினிலா என்று பாதி தெரிந்துவிடும். வீட்டுக்காரருக்கும் அதைக் காட்டி விளக்கலாம்.

ரேடியலுக்கு உரிய மரியாதையையும் கொடுக்க வேண்டும். அது ஜெயிக்கும் இடம் பள்ள வெட்டு. அரைக்குப் பாதி வெட்டிப் பொருத்துவது, ஏணிப்படிப் பலகைக்குக் காடி எடுப்பது, துளையில் நுழைகிற கழுந்தின் கன்னத்தைச் சீவுவது, கூரையின் சரிவுக் கட்டையான கழுக்கோல் உத்தரத்தில் உட்காரும் வெட்டு. மரம் அசையாது, கோடு மேலே கண்ணுக்குத் தெரியும், ஆழம் ஒரு கைப்பிடியைச் சுற்றினால் கிடைக்கும். இருபது கழுக்கோலை வரிசையாக அடுக்கி ஒரே ஆழத்தில் வெட்டிக்கொண்டே போகலாம். எட்டு அடிக் கழுக்கோலை டேபிள் சாவின் மேல் தள்ளிக்கொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். நாலு சரிவுக் கூரை நிறையக் கட்டுகிறவர்கள் ரேடியலை விட மனசில்லாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் உங்கள் பட்டறையில் கூரை வேலை இடையிடையே வருவது மட்டும்தான். ஆழத்துக்கு ஸ்டாப்பர் இருக்கிற ஸ்லைடிங் மைட்டர் சாவில் பள்ள வெட்டும் செய்யலாம். வாங்கும்போது ஸ்டாப்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு, பிளேடு வட்டமானதால் வேலிக்குப் பக்கத்தில் பள்ளம் முழு ஆழம் போகாமல் வளைந்து நிற்கும். வேலிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒன்றரை இஞ்சுக் கட்டை ஒன்றை நேராக இழைத்து வைத்தால், வளைவு அந்தக் கட்டைக்குள் போய்விடும், உங்கள் மரத்தில் பள்ளம் சீராக இருக்கும். பிறகு ஒரு உளியால் தரையைச் சீவி விடுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

நீளவாக்கில் அறுப்பதைப் பற்றி ரேடியல்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள், மோட்டாரைத் திருப்பினால் போதும், இரண்டு மெஷின் வேலை ஒன்றில் முடியும் என்று. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். நீளவாக்கில் அறுக்கும்போது பிளேடு ஒரு பக்கம் மரத்தைத் தூக்கப் பார்க்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து தள்ளுவது என்பதை மாற்றிவிட்டால், பலகையைக் கையிலிருந்து பிடுங்கி எதிர்ச்சுவரில் அடித்துவிடும். ரப்பர் மரத்தில் உள்ளே இழுவிசை அதிகம், அறுக்க அறுக்கவே வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். சட்டம், ரீப்பர் எல்லாவற்றையும் மர மில்லில் அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் பக்கமும், எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலை பக்கமும் ஆள் இருக்கிறார்கள், அறுப்புக் கூலி கொடுத்தால் முடிந்தது. பட்டறையிலேயே அறுக்க வேண்டுமென்றால், பணம் வரும்போது பிளவுக்கத்தியும் (வெட்டு மூடாமல் பிரித்து வைக்கும் தகடு) காப்பும் உள்ள ஒரு நல்ல டேபிள் சா வாங்குங்கள்.

ரேடியலைக் கொண்டுவர ஆகும் கப்பல் கூலி, சுங்கம், மோட்டார் மாற்றும் செலவு, ஸ்டார்ட்டர் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இரும்பு விலைக்குக் கிடைத்த மெஷின் எங்கே வந்து நிற்கிறது என்று தெரியும். அந்தப் பணத்தில் மெஷின் போக மீதியை இரண்டு விஷயத்தில் போடச் சொல்வேன்.

ஒன்று பிளேடு. மெஷினோடு வரும் பிளேடு சுமாரான வேலைக்குத்தான். நிலைச் சட்டத்துக்கு 40 பல், பொதுவேலைக்கு 60 பல், பீடிங்குக்கும் லேமினேட் ஒட்டிய பிளைவுட்டுக்கும் 80 பல். இதில் குறைந்தது இரண்டு பிளேடாவது வைத்துக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் பல்லின் சாய்வு பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ, பின்னால் 5 டிகிரியோ இருக்க வேண்டும். பாக்கெட்டின் மேலேயே போட்டிருக்கும். டேபிள் சாவுக்கு விற்கிற பிளேடை இதில் மாட்ட வேண்டாம், என் முழங்கைக் கதையைச் சொல்லிவிட்டேன். தேக்கில் இயல்பாகவே மணல் சத்து இருக்கிறது, கார்பைடு பல்லையும் அது மழுக்கும். பனைமரச் சட்டமான பனங்கையும் தென்னையும் அதைவிட மோசம். கருப்பு நார் இருக்கிற வெளிப்பக்கம் இரும்பு மாதிரி. பழைய வீட்டைப் பிரித்து எடுத்த பனங்கையை வெட்டுவதற்கென்று ஒரு பழைய பிளேடைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். பிளேடில் பால் கறை ஏறினால் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். மழுங்கிவிட்டது என்று நினைக்கிற பிளேடில் பாதிக்கு அழுக்குதான் காரணம்.

இரண்டாவது மேசை. மைட்டர் சாவை வெறும் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்து வெட்டுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். இடப்பக்கம் எட்டு அடி, வலப்பக்கம் நாலு அடி, மெஷின் மேசையின் மட்டத்துக்கு ஒரு நூல்கூட ஏறாமல் இறங்காமல் பெஞ்ச் போடுங்கள். ஏழு அடி நிலைக்காலின் மறுமுனை தொங்கினால் பிளேடுக்குப் பக்கத்தில் மரம் மேலே எழும்பும், வெட்டு முடியும் நேரத்தில் பிளேடைக் கவ்வும். நீண்ட வேலிக்கட்டையில் ஒரு ஸ்டாப்பரை வைத்துவிட்டால் பத்து ஜன்னல் கம்பிச்சட்டத்தையும் அளக்காமலே ஒரே நீளத்தில் வெட்டலாம். ஸ்டாப்பரின் அடியில் ஒரு சிறிய இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டாப்பருக்கும் மரத்துக்கும் நடுவில் தூள் சேர்ந்து ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். வயரிங்கில் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, 16 ஆம்பியர் பிளக். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும்.

உடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைலி கட்டிக்கொண்டு இந்த மெஷின் முன்னால் நிற்க வேண்டாம். கையுறையும் வேண்டாம், பிளேடு அதன் நுனியைப் பிடித்தால் கையோடு இழுக்கும். கண்ணாடி, காதுக்கு அடைப்பு, மூக்குக்கு நல்ல மாஸ்க் மூன்றும் வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இலேயே உறுதியான பட்டியலில் வைத்துவிட்டது. மைட்டர் சாவின் பின்னால் இருக்கும் சின்னப் பை பாதித் தூளைக்கூடப் பிடிக்காது. பின்பக்கம் ஒரு பெட்டி அடித்து அதில் வேக்குவம் குழாயைச் செருகுங்கள். பிளேடிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கை வரக் கூடாது. அதைவிடச் சிறிய துண்டைக் கிளாம்ப் போட்டுத்தான் வெட்ட வேண்டும். இடது கையை வலது கைக்குக் குறுக்கே கொண்டுபோய் மரத்தைப் பிடிப்பதை உதவியாள் செய்தால், அன்றைக்கே நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது அயினியிலோ தேக்கிலோ நாலு இஞ்சு அகலத்தில் இரண்டு அடி நீளத் துண்டு ஒன்றைக் கையில் கொண்டு போங்கள், இரண்டு பக்கமும் நேராக இழைத்ததாக இருக்கட்டும். நாகர்கோவிலில் ஓட்டிக்காட்டுகிற கடைகள் இருக்கின்றன. மகிடாவோ பாஷோ டிவால்ட்டோ, எதுவானாலும் ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். முதலில் தலையை முழுக்க முன்னால் இழுத்து, இடதும் வலதுமாக விரலால் அசைத்துப் பாருங்கள். தண்டவாளத்தில் ஆட்டம் தெரிந்தால் வேறு பீஸ் கேளுங்கள். அப்புறம் துண்டை நடுவில் 90க்கு வெட்டி, ஒரு பாதியை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் வேலிக்கட்டையோடு ஒட்டிச் சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பாருங்கள். வெட்டில் எவ்வளவு தப்பு இருக்கிறதோ, அதன் இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தெரியும். வெளிச்சம் தெரிந்தால் அங்கேயே செட் பண்ணித் தரச் சொல்லுங்கள், மறுபடி வெட்டிப் பாருங்கள். கோடு முழுக்க இருட்டாகும் வரை பணத்தை எடுக்காதீர்கள்.